பொருந்தினால் போதுமா? – பழைய படவீழ்த்தியும் புதிய விளக்கும்



நம் தமிழ்ப்பள்ளிகளில் மரபுக் கண்காட்சி, பள்ளி வரலாற்று மூலை, முன்னாள் மாணவர் சந்திப்பு எனப் பல ஏற்பாடுகள் நடக்கின்றன. மகிழ்ச்சி. பால் வாளியும் பால் வெட்டும் கத்தியும் அம்மியும் ஆட்டுக்கல்லும் மேசைமேல் வரிசையாக அமர்கின்றன. சில வீடுகளிலிருந்து இவற்றோடு இன்னொரு பொருளும் வந்து சேர்கிறது. அது வீட்டுத் திரைப்படம் காட்டும் பழைய படவீழ்த்தி. புரொஜெக்டர் என்றால்தான் நம்மில் பலருக்குப் புரியும். அதனோடு தகர டப்பாவில் நான்கைந்து படச்சுருள்களும் வரும்.

பெரும்பாலும் அந்தப் படவீழ்த்தியில் விளக்கு எரிவதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்த பொருள், எரியாததில் வியப்பில்லை. உடனே யாராவது ஒருவர் பக்கத்து மின்சாரக் கடைக்குப் போகிறார். குழிக்குள் நுழையும் ஒரு பல்பை வாங்கி வந்து மாட்டுகிறார். “பொருந்திவிட்டது, எரிகிறது. இன்னும் என்ன வேண்டும்?” என்று கேட்கிறார்.

இன்னும் நிறைய வேண்டும் ஐயா! குழிக்குள் நுழைவது விளக்கின் தகுதிக்குச் சான்றாகாது. விளக்கின் குறியீடே சான்று. குறியீட்டில் ஐயம் எழுந்தால் குறைந்த வெளிச்சத்தின் பக்கம் சாய்வதே அறிவு. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். “பல்பு மாற்றுவதற்கு ஒரு கட்டுரையா? தமிழாசிரியருக்கு வேறு வேலை இல்லையா?” என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

சுருளில் இருப்பது என்ன?

வீட்டில் படம் எடுக்கும் வழக்கம் 1923இல் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு பரவியது. 1932இல் அதைவிட மலிவான 8 மில்லிமீட்டர் வந்தது. 1965இல் ‘சூப்பர் 8’ வந்தது. தோட்டத்துக் கிராணியார், மருத்துவமனை உதவியாளர், ஆசிரியர், சிறு வணிகர் என வசதி கொஞ்சம் வாய்த்த சிலர் நம்மிலும் இக்கருவிகளை வாங்கினார்கள். திருமணம், காதுகுத்து, தைப்பூசம், கோவில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி ஆகியவை அந்தச் சுருள்களில் பதிந்தன.

இங்கே பலர் அறியாத உண்மை ஒன்று உண்டு. நிழற்படத்திற்கு நெகட்டிவ் இருக்கும். படம் கிழிந்தால் மீண்டும் ஒரு படி எடுத்துக்கொள்ளலாம். வீட்டுத் திரைப்படம் பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று. படக்கருவிக்குள் ஓடிய அதே சுருளைத்தான் கழுவி, நேர்ப்படமாக மாற்றித் திருப்பித் தந்தார்கள். திரையில் காட்டுவதும் அதே சுருள்தான். உலகத்தில் அதற்கு ஒரே ஒரு படி. அது கருகினால், கருகியது கருகியதுதான்.

ஐம்பது அடி சூப்பர் 8 சுருள் ஒன்றில் 3600 படக்கட்டங்கள் உள்ளன. நொடிக்கு 18 கட்டம் வீதம் ஓடினால் மூன்று நிமிடம் இருபது நொடியில் முடிந்துவிடும். ஒரு தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, செம்பனையும் வீட்டுமனையும் வந்துவிட்ட பிறகு, அந்தத் தோட்டம் அசைந்து இயங்கிய காட்சியாக எஞ்சியிருப்பது இந்த மூன்று நிமிடம் மட்டுமே என்றால்? அதன்முன் எந்த விளக்கை ஏற்றுகிறோம் என்பது சில்லறைக் காரியமா?

சூப்பர் 8 படக்கட்டத்தின் அளவு ஏறக்குறைய 5.8க்கு 4 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நூறு வாட் விளக்கின் ஒளியும் வெப்பமும் குவிந்து விழுவது அந்தச் சின்னஞ்சிறு பரப்பின்மேல். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காய்ந்த இலையைக் கருக்கிப் பார்க்காத மாணவன் உண்டா? அதேதான் இங்கும் நடக்கிறது. படவீழ்த்தியில் சுருளைக் காப்பவை மூன்று: ஒவ்வொரு கட்டமும் நொடியின் ஒரு சிறு பங்குக்கு மட்டுமே ஒளிமுன் நிற்பது, காற்றாடி, வெப்பத்தைத் தடுக்கும் அமைப்பு. இம்மூன்றையும் குறிப்பிட்ட ஒரு விளக்கைக் கணக்கில் வைத்தே வடிவமைத்தார்கள். விளக்கை மாற்றினால் கணக்கு மாறிவிடுகிறது.

முதல் மயக்கம்: “குழியில் பொருந்துகிறதே!”

படவீழ்த்தி விளக்குகளுக்கு அமெரிக்கத் தர நிறுவனத்தின் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. ஈ.எஃப்.பி., ஈ.எஃப்.என்., ஈ.ஜே.எல். என்று விளக்கின் அடியிலோ விளிம்பிலோ அச்சிட்டிருப்பார்கள். இந்த எழுத்துகளில் பொருள் தேட வேண்டாம். நம் அடையாள அட்டை எண்ணைப் போல, ஒரு விளக்கை இன்னதென்று காட்டும் அடையாளம் அது. எந்த நிறுவனம் செய்திருந்தாலும் ஒரே குறியீடு என்றால் ஒரே வோல்ட், ஒரே வாட், ஒரே அடிப்பகுதி, ஒரே ஒளியமைப்பு.

இப்போது ஒரு குடும்பத்தைப் பாருங்கள். பின்புறம் கிண்ணம் போன்ற எதிரொளிப்பான் கொண்ட நான்கு விளக்குகள்:

ஈ.எஃப்.எம். – 8 வோல்ட், 50 வாட்
ஈ.எஃப்.என். – 12 வோல்ட், 75 வாட்
ஈ.எஃப்.பி. – 12 வோல்ட், 100 வாட்
ஈ.எஃப்.ஆர். – 15 வோல்ட், 150 வாட்

நான்கிற்கும் ஒரே அடிப்பகுதிதான். ஜி.இசட். 6.35 என்பது அதன் பெயர். இரண்டு ஊசிகளுக்கும் இடையே 6.35 மில்லிமீட்டர் தொலைவு. நான்கும் ஒரே குழிக்குள் அழகாக நுழையும்! 12 வோல்ட் படவீழ்த்தியில் 8 வோல்ட் விளக்கை மாட்டினால் ஒரு மின்னல் மின்னி அணைந்துவிடும். அதே படவீழ்த்தியில் 15 வோல்ட் விளக்கை மாட்டினால் பாதி வெளிச்சம்கூடக் கிடைக்காமல் மஞ்சள் பூத்து நிற்கும். 15 வோல்ட் படவீழ்த்தியில் 12 வோல்ட் விளக்கை மாட்டினால் முதலில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வரும், “ஆகா, நல்ல பல்பு!” என்று பாராட்டுவார்கள், ஐம்பது மணி எரிய வேண்டியது சில மணிகளிலேயே உயிரை விடும். குழி இவற்றில் எதையும் தடுக்காது. சாவி துளைக்குள் நுழைவதாலேயே அது அந்தப் பூட்டின் சாவி ஆகிவிடுமா?

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. வரவேற்பறைக் கூரையில் பதித்திருந்த சின்னக் கிண்ண விளக்கைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 12 வோல்ட், 50 வாட். அதன் அடிப்பகுதி ஜி.யு. 5.3. பல 16 மில்லிமீட்டர் படவீழ்த்திகளில் எரியும் ஈ.ஜே.எல்., ஈ.எல்.சி. விளக்குகளின் அடிப்பகுதி ஜி.எக்ஸ். 5.3. பெயரில் ஓரெழுத்துதான் வேறுபாடு. ஊசிகளின் இடைவெளியும் ஒன்றே, கிண்ணத்தின் அகலமும் ஒன்றே. ஆனால் ஈ.ஜே.எல். 24 வோல்ட், 200 வாட், ஈ.எல்.சி. 24 வோல்ட், 250 வாட். கூரை விளக்கை அங்கே மாட்டினால் இருமடங்கு மின்னழுத்தம் ஏறும். கண்ணாடி வெடித்துச் சிதறினாலும் சிதறும்.

வோல்ட் ஒன்றாக இருந்தாலும் கூரை விளக்கு உதவாது. கூரை விளக்கின் கிண்ணம் ஒளியை அறை முழுவதும் பரப்புவதற்காகச் செய்யப்பட்டது. படவீழ்த்தி விளக்கின் கிண்ணம் சில சென்டிமீட்டர் தொலைவிலுள்ள படக்கட்டத்தின்மேல் ஒளியைக் குவிப்பதற்காகச் செய்யப்பட்டது. மேலும், இக்கிண்ணத்தின் உட்பூச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் முன்னே அனுப்பி, வெப்பக் கதிரைப் பின்பக்கம் வெளியேற்றிவிடும். கூரை விளக்குகளில் பலவற்றின் கிண்ணம் வெறும் அலுமினியப் பூச்சு. வெப்பம் முழுவதும் முன்னே பாயும். முன்னே இருப்பது நம் தாத்தா பாட்டியின் திருமணச் சுருள்!

இரண்டாம் மயக்கம்: “வெளிச்சம் கூடினால் நல்லதுதானே!”

நல்லதன்று. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது விளக்குக்கும் பொருந்தும்.

முதலில் மின்மாற்றியைப் பாருங்கள். 12 வோல்ட், 75 வாட் விளக்கு இழுக்கும் மின்னோட்டம் 6.25 ஆம்பியர். அதே குழியில் 100 வாட் விளக்கை மாட்டினால் 8.3 ஆம்பியர். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். வாட்டை வோல்ட்டால் வகுக்கும் இந்தக் கணக்கை நம் ஆறாம் ஆண்டு மாணவர்களே போடுவார்கள். முப்பது நாற்பது ஆண்டு வயதான மின்மாற்றி இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா? சில நாள் தாங்கும், பிறகு கருகும். விளக்கை எங்காவது தேடிப் பிடிக்கலாம். அந்தப் படவீழ்த்திக்குரிய மின்மாற்றியை எங்கே தேடுவது?

அடுத்தது சுருள். என் மாணவி ஒருத்தியின் தாத்தா சில ஆண்டுகளுக்கு முன்பு தம் படவீழ்த்தியையும் ஒரு சுருளையும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அவருடைய தந்தையார் எடுத்த படம். 75 வாட் விளக்கு எரிய வேண்டிய படவீழ்த்தி அது. கடைக்காரர் 100 வாட் விளக்கைக் கொடுத்திருக்கிறார். “அளவு சரிதான், இன்னும் நல்லாத் தெரியும்” என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார். ஈரத்திலும் வெப்பத்திலும் பல ஆண்டுகள் கிடந்து சுருங்கியிருந்த சுருள், ஓடிய இரண்டாம் நிமிடத்தில் ஒளிச்சாளரத்தில் சிக்கி நின்றுவிட்டது. அவர் எழுந்து போய் விசையை அணைப்பதற்குள் திரையில் கொப்புளம் கிளம்பிப் படர்ந்துவிட்டது. சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் நின்றவரின் முகம் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஓர் ஓட்டை. “அதுதான் சார் எங்க அம்மா” என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சிக்கி நின்ற சுருளை 75 வாட் விளக்கும் கருக்கியிருக்கலாம்; மறுக்கவில்லை. ஆனால் கூடுதல் வெப்பம் என்பது, எழுந்து போய் விசையை அணைக்கக் கிடைக்கும் நொடிகளைக் குறைப்பது. அந்தச் சில நொடிகள்தாம் ஒரு தாயின் முகம்.

8 மில்லிமீட்டர் சுருள் தீப்பற்றி வெடிக்கும் பழைய நைட்ரேட்டு வகையன்று, காப்புவகைச் சுருள்தான். அதனால் வீடு பற்றி எரியாது. ஆனால் சுருள் உருகும், கொப்புளிக்கும், பழுக்கும்.

மூன்றாவது தீங்கு கண்ணுக்கு உடனே தெரியாதது. கோடாக்குரோம் என்னும் வண்ணச் சுருள் 1935இல் 16 மில்லிமீட்டரிலும் 1936இல் 8 மில்லிமீட்டரிலும் வந்தது. இருட்டில் வைத்திருந்தால் அதன் வண்ணம் பல பத்தாண்டுகள் மங்காது. ஐம்பது ஆண்டுக்கு முந்திய சுருளில் பட்டுப்புடவையின் சிவப்பு இன்றும் அப்படியே இருக்கும். ஆனால் விளக்கின்முன் ஓட்டிக் காட்டும்போது மற்ற சுருள்களைவிட விரைவில் வெளுக்கும் இயல்பு அதற்கு உண்டு. வெளிச்சம் கூடக்கூட, ஓட்டும் முறை கூடக்கூட, வண்ணம் போய்க்கொண்டே இருக்கும். 2010 டிசம்பர் 30ஆம் நாளோடு, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலிருந்த கடைசி ஆய்வகமும் அந்தச் சுருளைப் பெறுவதை நிறுத்திவிட்டது. அந்த வண்ணத்தை இனி யாரும் நமக்குப் புதிதாகச் செய்து தரப்போவதில்லை. இருப்பதை வெளுக்க வைக்கவா கூடுதல் வாட்?

மூன்றாம் மயக்கம்: “மின்சாரம் எல்லாம் ஒன்றுதானே!”

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த படவீழ்த்திகளும், இப்போது இணையச் சந்தையில் வாங்கப்படும் பழைய படவீழ்த்திகளில் பலவும் 120 வோல்ட்டிற்குச் செய்யப்பட்டவை. அவற்றில் சில வகைகளில் மின்மாற்றியே கிடையாது. 500, 750, 1000 வாட் விளக்குகள் சுவர் மின்சாரத்தில் நேரடியாக எரியும். நம் நாட்டின் வீட்டு மின்சாரம் முன்பு 240 வோல்ட், இப்போது 230 வோல்ட் எனக் குறிக்கப்படுகிறது. நேரே செருகினால் விளக்கு மட்டுமா போகும்? படவீழ்த்தியே போகும்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டியை இடையில் வைத்தாலும் ஒரு சிக்கல் எஞ்சும். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, நம்முடையது 50 சுற்று. சுற்றெண்ணைப் பின்பற்றி ஓடும் மோட்டார் கொண்ட படவீழ்த்தி ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். காற்றாடியும் மெதுவாகச் சுழலும், ஒவ்வொரு படக்கட்டமும் ஒளிமுன் கூடுதல் நேரம் நிற்கும். அத்தகைய படவீழ்த்தியில் குறைந்த வாட் விளக்கே பாதுகாப்பு. இதை எந்தக் கடைக்காரர் சொன்னார்?

உள்ளே மின்மாற்றி உள்ள படவீழ்த்திகளில் 110, 120, 220, 240 என மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் திருகு ஒன்று இருக்கும். அதை 240இல் வையுங்கள். காரணம் சொல்கிறேன். இவ்வகை விளக்கில் மின்னழுத்தம் நூற்றுக்கு ஐந்து கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஐந்து குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும். வெளிச்சத்தில் குறைவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அறையைச் சற்றுக் கூடுதலாக இருட்டாக்கினால், அந்தக் குறை கண்ணுக்கே தெரியாது.

நான்காம் மயக்கம்: “எல்.ஈ.டி. போட்டுவிடுங்கள், சூடே இருக்காது!”

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்ட இளைஞர்கள். சூடு குறைவு என்பதும் உண்மை. ஆனால் கடையில் கிடைக்கும் எல்.ஈ.டி. விளக்கைப் படவீழ்த்தியின் குழியில் செருகினால் அந்த நன்மை கைகூடாது. ஆலசன் விளக்கின் இழை மிகச் சிறியது. அதன் ஒளியை ஒரு புள்ளியில் எளிதாகக் குவிக்கலாம். எல்.ஈ.டி. கூரை விளக்கின் ஒளி பரந்து வருவது. திரையில் நடுவே ஒரு வட்டமும் ஓரங்களில் இருளும் தோன்றும்.

துடிப்பும் சேரும். படவீழ்த்தியின் ஒளித்தடுப்பு ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு மூன்று முறை மறைத்துத் திறக்கிறது. மூன்று இதழ் ஒளித்தடுப்பானால் நொடிக்கு 54 முறை. மாறுமின்னோட்டத்தில் எரியும் மலிவான எல்.ஈ.டி. நொடிக்கு 100 முறை துடிக்கும். இரண்டு துடிப்பும் மோதினால் படம் அலையடித்துக் கண்ணை உறுத்தும். ஆலசன் இழை சூட்டைத் தாங்கி நிற்பதால், அதில் இந்தத் தொல்லை தெரியாது. படவீழ்த்தியின் உள்ளமைப்பையே மாற்றி, தகுந்த வில்லையும் நேர்மின் வழங்கியும் வைத்துச் செய்யும் கைத்திறனாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன். கடைப் பல்பைச் செருகிவிட்டு “மாற்றியமைத்துவிட்டேன்” என்பது அந்தக் கைத்திறன் ஆகாது.

“கிடைக்கவில்லையே, என்ன செய்வது?”

நியாயமான கேள்வி. பல குறியீடுகளின் உற்பத்தி நின்றுவிட்டது. பழைய கையிருப்பிலிருந்துதான் தேட வேண்டியுள்ளது. ஆனால் தேடும் முறை என்று ஒன்று உண்டு.

முதலில் விளக்கு அறையின் மூடியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான படவீழ்த்திகளில் அங்கேயே ஒரு தகட்டிலோ தாளிலோ குறியீடோ வோல்ட்டும் வாட்டுமோ எழுதியிருக்கும். படவீழ்த்தியின் கையேடு இருந்தால் அதையும் பாருங்கள். உள்ளே இருக்கும் பழைய விளக்கை மட்டும் நம்பாதீர்கள். அதுவே முன்பு யாரோ ‘பொருந்தியதால்’ மாட்டியதாக இருக்கலாம்.

இரண்டாவது, குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். படத்தைக் காட்டி “இது மாதிரி ஒன்று” என்று கேட்காதீர்கள். சில விளக்குகளுக்கு இரண்டு மூன்று குறியீடுகள் சாய்கோட்டால் இணைத்து அச்சாகியிருக்கும். அவை ஒரே விளக்கின் பெயர்கள். அவற்றுள் எது கிடைத்தாலும் வாங்கலாம்.

மூன்றாவது, அதே குறியீடு கிடைக்காவிட்டால் இறங்கலாம், ஏறக்கூடாது. அதே வோல்ட், அதே அடிப்பகுதி, அதே வகை எதிரொளிப்பான், குறைந்த வாட். இதுவே நெறி. ஈ.எல்.சி. எரிய வேண்டிய இடத்தில் ஈ.ஜே.எல். எரியலாம்: 24 வோல்ட் மாறவில்லை, 250 வாட் 200ஆகக் குறைகிறது. தலைகீழாகச் செய்யக்கூடாது. மாட்டிய பின் சுருள் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். திரையின் நான்கு மூலையும் ஒரே அளவில் வெளிச்சமாக இருந்தால் ஒளி சரியாகக் குவிகிறது என்று பொருள்.

நான்காவது, ஆலசன் விளக்கை வெறுங்கையால் தொடாதீர்கள். கைவிரல் எண்ணெய் படிந்த இடத்தில் கண்ணாடி மிகையாகச் சூடேறிப் பழுதாகும். சுத்தமான துணியால் பிடியுங்கள். தவறித் தொட்டுவிட்டால் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பழைய விளக்கைக் கழற்றும் முன் மின்செருகியைப் பிடுங்கி, நன்றாக ஆற விடுங்கள். இந்த வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். மாணவர்கள் பார்த்துக் கற்கட்டும்.

ஐந்தாவது, விளக்கு சரியாக அமைந்தாலும் சுருளை முகர்ந்து பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஆம், முகர்ந்து! காடி வாடை வீசினால் சுருளின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. சுருங்கி வளைந்த சுருளை எந்த விளக்கின்முன்னும் ஓட்டக்கூடாது.

“விலை கூடவே?” என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஈ.எஃப்.பி. போன்ற விளக்கின் ஆயுள் ஐம்பது மணி. வீட்டில் முன்பு எரிந்த சாதாரணக் குண்டு பல்பு ஆயிரம் மணி எரிந்ததே என்று ஒப்பிட வேண்டாம். வெண்மையான ஒளிக்காக இந்த இழை மிகுந்த சூட்டில் எரிகிறது, அதனால் ஆயுள் குறைவு. ஆனால் ஐம்பது மணியில் மூன்று நிமிடம் இருபது நொடிச் சுருள்கள் எத்தனை ஓடும்? தொள்ளாயிரம்! நாற்பது சுருள் வைத்திருக்கும் குடும்பம், அத்தனையையும் இருபத்திரண்டு முறை முழுமையாகப் பார்க்கலாம். ஒரு சரியான விளக்கு ஒரு தலைமுறைக்குப் போதும். விலையைக் காரணம் காட்டித் தவறான விளக்கை வாங்குவது, கொட்டைப்பாக்குக்கு விலை பேசிக் கல்யாணத்தை நிறுத்திய கதைதான்.

“கணினிக்கு மாற்றிவிட்டுத் தூக்கி எறிந்தால் என்ன?”

கணினிக்கு மாற்றுங்கள், கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் எப்படி மாற்றுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? சுவரில் படத்தை ஓட்டி, கைப்பேசியால் பிடிக்கிறார்கள். கைப்பேசியில் தெளிவாக விழவில்லை என்று வெளிச்சம் கூடிய விளக்கைத் தேடுகிறார்கள். சரியாக வரவில்லை என்று மூன்று முறை, நான்கு முறை ஓட்டுகிறார்கள். சுருளைக் காப்பாற்றப் போய், சுருளுக்கே உலை வைக்கும் வேலை இது! முறையான வருடிக் கருவி, ஒவ்வொரு கட்டத்தையும் சூடில்லாத எல்.ஈ.டி. ஒளியில் தனித்தனியே பிடிக்கிறது. மேலே நான் மறுத்த எல்.ஈ.டி.க்கு உரிய இடம் இதுதான். ஒரே படியாக உள்ள சுருளை முதலில் அங்கே கொடுங்கள். பிறகு குடும்பத்தோடு திரையில் பார்க்க விரும்பினால், சரியான விளக்கோடு, அளவோடு பாருங்கள்.

மாற்றிய பிறகும் சுருளை எறியாதீர்கள். கணினிக் கோப்பு வன்தட்டோடு போகும், கைப்பேசியோடு தொலையும். சுருள் இருந்தால் மீண்டும் மாற்றிக்கொள்ளலாம். குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

கற்பிப்பவர்கள் நாம்

ஆசிரியப் பயிற்சியில் கற்றல் கற்பித்தல் துணைப்பொருள்களைப் பற்றிப் படித்தோம். துணைப்பொருளைக் கையாளும் விதமும் ஒரு பாடம் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் மின்சுற்றைக் கற்பிக்கிறோம், மின்கலத்துக்கேற்ற விளக்கு வேண்டும் என்கிறோம். அதே மாணவர்கள் பார்க்கக் கண்காட்சி மேடையில், “நுழைகிறதா? மாட்டு!” என்கிறோம். பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? நாம் சொன்னதையா, செய்ததையா?

‘பொருந்தினால் போதும்’ என்னும் மனப்போக்கு விளக்கோடு நின்றுவிடுவதில்லை. கிடைத்த பயிற்சி நூலை வாங்குவதிலும், அகராதியில் முதலில் கண்ட சொல்லை எழுதிவிடுவதிலும் அதே மனப்போக்குதான். நமக்கென்று எஞ்சியிருக்கும் சான்றுகள் குறைவு. அவற்றையாவது சரியான கருவியால், சரியான அளவில் கையாள வேண்டாமா?

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் அலமாரியில் அப்படியொரு படவீழ்த்தி இருந்தால் இன்றே கடைக்கு ஓட வேண்டாம். மூடியைத் திறந்து குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். வோல்ட்டையும் வாட்டையும் சரிபாருங்கள். சுருளை முகர்ந்து பாருங்கள். ஆசிரியர்களே, பள்ளிக்கு வரும் சுருள் எதுவானாலும் இந்த மூன்றும் முடியாமல் ஓட்ட மாட்டோம் என்று முடிவெடுங்கள். சரியான விளக்கு வரும்வரை, காத்திருக்கும் பொறுமை அந்தச் சுருளுக்கு உண்டு. நமக்கும் இருக்கட்டும்.